மஞ்சளாகிப்போன மணப்பெண்

தென்காசியில் நானும் என் கணவரும் ஸ்டுடியோ நடத்துகிறோம். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் நின்று படம் எடுக்காமல் இப்போது இங்கே எந்தக் கல்யாணமும் முடிவதில்லை. பூவின் மஞ்சள் முகத்தில் ஏறி, மணப்பெண் காமாலை வந்தவள்போல் தெரிவாள். அதை நீக்க, எடிட்டிங் மென்பொருளோடு சேர்த்து ஏற்றும் பிளக்-இன் என்ற துணை நிரலில் பல சீசன்களாகத் திருத்தித் திருத்தி ஒரு செட்டிங் சேமித்து வைத்திருந்தேன்.

எங்கள் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க வரும் தம்பிக்குக் கேட்காத ஆலோசனை சொல்வதுதான் முழுநேரத் தொழில். "இன்னுமா பழைய வெர்ஷன வச்சிருக்கீய?" என்று சிரித்தார்.

"என் செட்டிங்லாம் போயிராதுல்லா?"

"எல்லாம் தானா வந்துரும்க்கா."

மென்பொருளை அப்கிரேட் செய்துவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போனார்.

ஆல்பம் கொடுக்கவேண்டிய அன்று பிளக்-இன்னையே காணோம். அவர் வந்து புதிதாக ஏற்றினார். உள்ளே என் செட்டிங் இல்லை.

"பிளக்-இன் வந்துட்டுல்லா, பொறவு என்னக்கா?" என்றார். நகைப்பெட்டி இருந்தால் போதும், நகை எதற்கு என்று கேட்கிற அறிவு.

காயலான் கடைக்குப் போடச் சொல்லி அவர் இளக்காரம் செய்த பழைய கம்ப்யூட்டர் நல்லவேளையாக வீட்டில் இருந்தது. அதிலும் அதே செட்டிங்கை ஏற்றியிருந்தேன். புது வெர்ஷனைத் தாங்காது என்று அவர் அதைத் தொடவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்தே ஆல்பத்தை முடித்தேன்.

இப்போது செட்டிங் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைக்காமல் எந்த அப்கிரேடும் செய்வதில்லை. போன வாரம் அவர் மறுபடி வந்தார். "அடுத்த வெர்ஷன் வந்துருக்குக்கா, போட்டுரவா?"

அவருக்கும் இப்போதுதான் கல்யாணம் முடிந்தது. சூரியகாந்திப் படங்கள் எங்களிடம்தான் இருக்கின்றன.

"போடுங்க தம்பி. மொத ஆல்பம் உங்களுதுதான்."

டீ குடிக்காமலே கிளம்பிவிட்டார்.