அப்பாவின் மார்பில் மூன்று பதக்கங்கள்

வதந்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது அதன் மூக்கின்மேல் பார்வை சோதிக்கும் இரும்புச் சட்டம் இருந்தது. வதந்தியைக் கொண்டுவந்தவர் துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கும் தெரியக்கூடாததை எல்லாருக்கும் தெரியவைக்கும் பணியை, ஓய்வுக்குப் பிறகு, சம்பளம் எதிர்பாராமல் செய்துவந்தார்.

“நாலாவது வரி படிங்க மாமா,” என்றாள் கண்ணாடிக் கடை அக்கா, வலது கண்ணுக்கு ஒரு வில்லையைச் செருகியபடி.

“ட, ப, ம... அடுத்தது ழ. உங்க அப்பா போட்டோவுல இருக்கிற மெடல் மூணும் அவரோடது இல்லையாமே?”

“அது ழ இல்ல, ற. யார் சொன்னா?”

“ஊரே சொல்லுது.”

ஊர் என்பது மாமாவும் அவரோடு காலையில் நடக்கப் போகிற இரண்டு பேரும்.

“இன்னொண்ணும் சொல்றாங்க. அவரு பட்டாளத்துக்கே போகலையாம். நான் நம்பலைம்மா. ஆனா சொல்றாங்க.”

அக்கா அடுத்த வில்லையைத் தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்திச் செருகினாள். மாமா ‘ஸ்’ என்றார்.

இருபத்தாறு வருடங்களாக இந்தக் கடையில் இருக்கிறாள். யாருக்கு ஒரு காது ஏறியிருக்கிறது, யார் மூக்கு எந்தப் பக்கம் கோணல் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. வாயில் மட்டும் வராது. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் காட்டிப் படிக்கச் சொல்வாள். கேள்வி அத்தோடு நின்றுவிடும். அன்று அவள் ஆடிப்போனாள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

அறுபது வருடங்களுக்கு முன்பு நடந்த போரில் இந்த ஊரிலிருந்து எட்டுப் பேர் மரைன்களாகப் போனார்கள். கப்பலில் போய், எதிரியின் கரையில் இடுப்பளவு தண்ணீரில் குதித்து, துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஏறுகிற படை. ஆறு பேர் திரும்பினார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூடத்துச் சுவரில் எட்டுப் பேரின் படங்களையும் மாட்டப்போகிறார்கள். பொறுப்பு, பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவருக்கு. பொறுப்பு கையில் வந்ததும் அவர் செய்த முதல் காரியம் அறிவிப்பு ஒட்டியது: ‘ஆவணத்தில் இல்லாத பதக்கங்களை அணிந்த படங்கள் ஏற்கப்படமாட்டா.’

அக்காவின் அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. ஞாயிற்றுக்கிழமைக்காக முடி வெட்டிக்கொண்டாயிற்று. முதல் வரிசையில் நாற்காலி போடச் சொல்லியாயிற்று. வாசலில் போகிற தபால்காரர் வரைக்கும் அழைத்தாயிற்று. படத்தைத் திருப்பி அனுப்பினால் அதை அவளிடம் சொல்ல வேண்டியவள் அக்கா.

அப்பா பதினொரு வருடங்களுக்கு முன்பு இறந்துபோனார். கப்பல் பட்டறையில் வெல்டர். போரைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் வாந்தியைப் பற்றித்தான்: யார் யார் எடுத்தார்கள், எந்த அலைக்கு எடுத்தார்கள். சின்ன வயதில் அக்கா ஒருமுறை பதக்கங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். “அதுவா? கனமா இருந்துச்சு,” என்றார். அப்போது அது அடக்கமாகப் பட்டது. இப்போது யோசித்தால் வேறு மாதிரிப் பட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், சட்டைப் பையில் கடையின் பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நூலகக் கூடத்துக்குப் போனாள். டிரில் மாஸ்டர் ஏணிமேல் நின்று ஆணிக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

“எங்க அப்பா பட்டாளத்துக்குப் போனாரா, போகலையா? அதை மட்டும் சொல்லுங்க மாஸ்டர்.”

அவர் இறங்கி வந்தார். கோப்பைத் திறந்தார். ஆட்களை வெயிலில் நிற்க வைத்தே பழகியவர் என்பதால் நிதானமாகத்தான் புரட்டினார்.

“போயிருக்கார். ரெண்டு தடவை கரையிறங்கியிருக்கார். ரெண்டாவது தடவை முட்டியில அடி.” கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். “மெடல் மட்டும் எதுவும் இல்லம்மா. நான் என்ன பண்றது, ரூல் ரூல்தானே.”

முதல் பாதி மூச்சு அக்காவுக்குத் திரும்பி வந்தது. போயிருக்கிறார். இறங்கியிருக்கிறார். அப்படியானால் அந்த மூன்று பதக்கங்களைத் திருடினாரா, வாங்கினாரா, பொய்யாகக் குத்திக்கொண்டாரா? செத்துப்போன வெல்டரை யாரும் கூண்டில் ஏற்றமுடியாது. அதனால் மகளைத்தான் ஏற்றுவார்கள்.

“உங்க அப்பாவும் எட்டுல ஒருத்தர்தானே? அவருக்கு என்ன மெடல் போட்டிருக்கு?”

“அவருக்கென்ன...” என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றார்.

“பாக்கலையா?”

“சொந்த அப்பாவைப் போய் யாராவது சரிபார்ப்பாங்களா?”

கோப்பில் அவர் அப்பாவின் பெயருக்கு எதிரே, பதக்கம் என்ற கட்டத்தில், ஒரு சின்னக் கோடு இழுக்கப்பட்டிருந்தது. படங்கள் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் இருந்தன. அக்கா அவர் அப்பாவை எடுத்துப் பிரித்தாள். தன் அப்பாவைப் பக்கத்தில் வைத்தாள். பூதக்கண்ணாடியைக் கொண்டுபோனாள். நடுப் பதக்கத்தின் விளிம்பில் நெல் அளவு ஒரு பிசிறு. இரண்டிலும். இடது பையின் மூடியில் தையல் விட்டிருந்தது. இரண்டிலும். பிறகு மற்ற ஆறையும் பிரித்தார்கள். எட்டு மார்பிலும் அதே பிசிறு, அதே தையல். எட்டு வீட்டில் எட்டுச் சுவரில், ஆளுயரத்துக்கு மேலே தொங்கியதால், அறுபது வருடங்களாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டிரில் மாஸ்டர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். “அப்போ என் ரூல்படி...” என்றார்.

“ஆமா. வெறும் ஆணிதான் மாட்டணும்.”

எட்டுப் படத்தின் பின்னாலும் ஒரே ஸ்டூடியோ முத்திரை. கடைத்தெருக் கோடியில் அந்த ஸ்டூடியோ இன்னும் இருக்கிறது. இப்போது பாஸ்போர்ட் படம்தான் எடுக்கிறது. பழைய புகைப்படக்காரரின் மருமகள் நடத்துகிறாள். ஒரு ஆளின் முகவாயைத் தூக்கி வைத்துக்கொண்டே, அங்கே போன இருவரும் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள்.

“இதுக்கா இவ்வளவு கலவரம்? மாமனார் இதைச் சொல்லாத நாளே இல்ல. கப்பல் ஏறுறதுக்கு முந்தின நாள் எட்டுப் பேரும் வந்திருக்காங்க. குடுத்திருந்தது அழுக்கு வேலைச் சட்டை. வீட்டுல குடுத்துட்டுப் போற போட்டோ, அதைப் போட்டுக்கிட்டு நிப்பாங்களா? கூட்டிட்டு வந்த சார்ஜென்ட் தன் கோட்டைக் கழட்டி முதல் ஆளுக்கு மாட்டிவிட்டுட்டார். முந்தின சண்டையில வாங்கின மெடல், மூணும் அவரோடது. ‘மெடலை எடுத்துடலாமா’ன்னு மாமனார் கேட்டிருக்கார். ‘எதுக்கு? முன்கூட்டியே குடுத்ததா இருக்கட்டும்’னாராம்.”

ஆதாரம் இருக்கிறதா என்று டிரில் மாஸ்டர் கேட்டார். பழக்கதோஷம். அவள் உள்ளே போய், கெட்டுப்போன ஒரு நெகட்டிவ்வைக் கொண்டுவந்தாள். எட்டுப் பேரில் ஒருவர் தும்மிவிட்டதால் வீணானது. அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதே கோட், அதே பிசிறு; ஓரத்தில் பனியன் போட்ட யாரோ ஒருவரின் தோளும் முழங்கையும்.

“அந்த சார்ஜென்ட் திரும்பி வந்தாரா?” என்றாள் அக்கா.

“வந்தார், வந்தார். காலை இழுத்துக்கிட்டு. இந்தத் தடவை எனக்கே ஒண்ணு எடுங்கன்னு அதே கோட்டோட வந்து நின்னிருக்கார். அன்னிக்கு ஃபிலிம் தீர்ந்துபோச்சு. நாளைக்கு வாங்கன்னு மாமனார் சொல்லிட்டார். அவருக்குச் சாயங்காலமே ரயில். பேரு கூட யாரும் கேட்டு வைக்கலை. எட்டுப் பேரை எடுத்தேன், கோட்டுக்குச் சொந்தக்காரரை எடுக்கலையேன்னு மாமனார் கடைசி வரைக்கும் புலம்பினார்.”

அன்று சாயங்காலம் வீட்டில் அக்கா சுற்றி வளைத்து ஆரம்பித்தாள். ஒரு விஷயம், வருத்தப்படக் கூடாது, அப்பா மேல் தப்பில்லை... அம்மா காது மிஷினைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

“மெடல் விஷயமா? அது சார்ஜென்டோடது.”

“உனக்குத் தெரியுமா?”

“உங்க அப்பா போட்டப்புறமும் அந்தக் கோட்டுல இன்னும் ஒருத்தர் நுழையலாம், அவ்வளவு தொளதொளப்பு. பின்னாடி நாலு துணி கிளிப் போட்டுப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாருன்னு நினைச்ச? கல்யாணமாகி ஒன்பது நாள்.”

“இத்தனை வருஷமா ஏம்மா சொல்லலை?”

“நீ கேட்டியா? கேக்கறவளுக்குச் சொல்லலாம். நான்பாட்டுக்கு எழுந்து தெருவுல கத்தணுமா?”

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கண் கலங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு நாளாக அப்பாவை மனசுக்குள் நிறுத்தி வைத்து விசாரித்தவள், அவரை உட்காரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் படங்களும் ஏறின. டிரில் மாஸ்டர் அறிவிப்பைத் தானே கிழித்தார். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், எத்தனை முறை கரையிறங்கினார், திரும்பினாரா என்று எழுதி, எட்டிலும் கடைசி வரியாக ‘பதக்கங்கள்: சார்ஜென்ட் இரவல் தந்தவை’ என்று தன் கையாலேயே சேர்த்திருந்தார். துறைமுக மாமா புதுக் கண்ணாடியோடு எட்டையும் ஒன்றுவிடாமல் படித்துவிட்டு, “நான்தான் அன்னிக்கே சொன்னேனே,” என்றார். யாரும் மறுக்கவில்லை, அன்று எல்லாருக்கும் மனசு லேசாக இருந்தது.

அம்மா முதல் வரிசையில், ஊர் பார்க்க, அரைமணி நேரம் அப்பாவை முறைத்துக்கொண்டிருந்தாள். அது அவள் கொண்டாடும் விதம். ஸ்டூடியோக்காரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒரே குறைதான் பெரியம்மா. அந்த மனுஷனுக்கு ஒரு போட்டோ நாங்க பாக்கி.”

அம்மா மெதுவாகத் திரும்பினாள். “என்னது?”

“போட்டோ. சார்ஜென்டுக்கு. நாம அவருக்குக் கடன்பட்டிருக்கோம்.”

“நாமளா? அன்னிக்கு அவர் பனியனோட நடுங்கிக்கிட்டு நின்னார். பாவமா இருக்குன்னு என் சால்வையைக் குடுத்தேன். கல்யாணத்துக்கு வாங்கினது, ரெண்டு பக்கமும் பூ. எட்டாவது ஆள் கோட்டைக் கழட்டினதும் மாட்டிக்கிட்டுச் சால்வையோட போனவர் மறுநாள் கப்பலேறிட்டார்.”

“திரும்பி வந்தப்போ கேக்கலையா?”

“யாரு வந்து சொன்னா எனக்கு? ஃபிலிம் இல்லைன்னு ரயிலுக்கு அனுப்பிட்டீங்க.” அம்மா கைத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். “முதல்ல அவர் என் சால்வையைக் கொண்டுவரட்டும். போட்டோவைப் பத்தி அப்புறம் பேசலாம்.”