பிரிக் வரை மூன்று பேர்

ஹோட்டல் உணவுப் பட்டியல் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய பயணத் திட்டம் அது. சுவிஸின் இன்டர்லாக்கனிலிருந்து இத்தாலியின் மிலானோவுக்குப் போகவும் திரும்பி வரவும் ரயில் மாறும் நேரங்கள், மேடை எண்கள், எந்த நிலையத்தில் அவசரமில்லாமல் கழிப்பறைக்குப் போகலாம் என்பதுவரை அதில் இருந்தது. எழுதியவர் அண்ணை. என் கூடப்பிறந்தவரல்லர், எண்பதுகளின் நடுவில் அந்த ஹோட்டல் சமையலறையில் என்னோடு சட்டி கழுவியவர். ஊரில் தங்கள் கழகத்துக்காகப் பந்தடித்தவர். இடது காலால் அடித்த ஒரு கோலைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லி, அந்தக் கோலை நானே அடித்தது போல எனக்குப் பாடமாகிவிட்டிருந்தது.

சமையலறைத் தலைவர் மிலானோக்காரர். செஃப் என்றுதான் கூப்பிடுவோம். கோடைக்கும் பனிக்காலத்துக்கும் இடையில் ஹோட்டல் மூடியிருந்த நவம்பரில், தன் ஊரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஆட்டத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்தார். நுழைவுச்சீட்டுகளை அவருடைய தம்பி வாங்கி வைத்திருந்தார். அன்றிலிருந்து அண்ணை ஒரு நிலையில் இல்லை. நிலையத்து மஞ்சள் நேர அட்டவணையைப் பார்ப்பதற்கென்றே தினமும் நடந்து போனார். ரொட்டியும் சம்பலும் மூன்று பொதி என்று எழுதினார். "கிழக்குப் பக்கம் இருந்தால் பின்னேர வெயில் கண்ணுக்கை அடிக்கும். எங்கட சீற் எந்தப் பக்கமெண்டு செஃபைக் கேளும்" என்று என்னை அனுப்பினார். நவம்பர் மிலானோவில் வெயிலா, மூடுபனிக்குள் பந்து தெரிந்தாலே பெரிய காரியம் என்று செஃப் சிரித்தார். அண்ணை 'டோர்ச்' என்று பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

ஒரு சிக்கல் இருந்தது. எனக்கு அகதியாக அங்கீகாரம் கிடைத்துப் பயணப் பத்திரமும் வந்திருந்தது. அண்ணையின் விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. அவர் நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. எல்லையில் பிடிபட்டால் விண்ணப்பம் அதோடு சரி. யாழ்ப்பாணத்தில் காத்திருந்த மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் வரும் வழியும் அடைபடும். அந்த ரயிலில் யார் பார்க்கிறார்கள் என்று செஃப் கையை உதறினார். அண்ணை மிலானோவுக்கே சீட்டு எடுத்தார்.

புறப்படுகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்பது எங்களிடம் ஆகாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். சனிக்கிழமை காலை அவர் திருநீறு பூசிச் சப்பாத்து நாடாவைக் கட்டியபோது, வாய்வரை வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அந்த வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது. கேட்டிருந்தால், வேண்டாம் அண்ணை என்று தடுக்க வேண்டி வந்திருக்கும். அவர் இல்லாமல் அந்த ஆட்டத்தைப் பார்க்க எனக்கு மனமில்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பிரிக் நிலையத்தில் ரயில் சில நிமிடங்கள் நின்றது. அடுத்தது சுரங்கம்; அதற்கு அப்பால் இத்தாலி. அண்ணை எழுந்து ரொட்டிப் பொதிகளை என் மடியில் வைத்தார். திட்டத் தாளையும் தந்தார். செஃபுக்குக் கை கொடுத்தார்.

"நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ. நான் திரும்பிறன்."

"இவ்வளவு தூரம் வந்திட்டு என்னண்ணை?"

"சின்னவளின்ரை முகம் எனக்கு மறந்துகொண்டு வருது தம்பி. பந்துக்காக அவளை விடேலாது."

ரயில் நகர்ந்தபோது மேடையில் நின்று, வெயில் பிடிக்காத பக்கமாக இருக்கும்படி கையால் காட்டினார்.

எல்லையில் எங்களை யாரும் சோதிக்கவில்லை. போகும்போது ஒரு சீருடைக்காரர்கூட எங்கள் பெட்டிக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது ஒருவர் கதவைத் திறந்தார். செஃபின் கழுத்தில் கிடந்த அணித் துண்டைக் கண்டதும் முடிவு என்ன என்று கேட்டார். இருவரும் ஒரு பெனால்டியைப் பற்றி வாக்குவாதப்பட்டார்கள். நான் நீட்டிய பயணப் பத்திரத்தைத் திறந்தே பாராமல் அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அறையில் அண்ணை சோறும் மீன்குழம்பும் ஆக்கி வைத்திருந்தார். முதல் விசிலிலிருந்து ஆட்டத்தைச் சொல்லச் சொன்னார். கோல் எந்தக் காலால் என்று கேட்டார். இடது கால் என்றேன், அது உண்மை. பிறகு என்னைப் பாராமல், சோற்றைக் குழைத்தபடி கேட்டார்.

"எல்லையிலை செக் பண்ணினவங்களோ?"

"ஓம் அண்ணை. போகேக்கையும் வரேக்கையும். ஒவ்வொருத்தரா."

"அப்ப சரி," என்றார். அதற்குப் பிறகுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

பதில் வர மேலும் இரண்டு வருடம் ஆனது. மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். இப்போது அண்ணை துன் நகரில் இருக்கிறார். சுவிஸ் கடவுச்சீட்டு கிடைத்த பிறகு, மிலானோவுக்குப் போவமோ என்று கேட்டேன். "இப்ப ஆர் அங்கை விளையாடீனம்?" என்று விட்டுவிட்டார். ஆனால் அந்தப் பயணத்தின் கதையை மட்டும் விடமாட்டார். போன மாதமும் சின்ன மகளிடம் தொடங்கினார்.

"உன்ரை சித்தப்பாவை ரெண்டு தரம் மறிச்சவங்கள். நானும் போயிருந்தால் நீ இண்டைக்கு இங்கை இல்லை."

தேநீர்க் கோப்பையை என்னிடம் நீட்டியபடி அவள், "மெய்யோ சித்தப்பா?" என்றாள். அண்ணையும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் பிள்ளை," என்றேன். "சப்பாத்தைக்கூடக் கழட்டிப் பாத்தவங்கள்."