துணிக்கொடியில் காய்ந்த மெடல்

என் மாமாவைப் போன்ற பயந்தாங்கொள்ளி ஒரத்தநாடு வட்டாரத்திலேயே கிடையாது என்று சிறுமியாக இருந்தபோது உறுதியாக நம்பினேன். பட்டாளத்திலிருந்து வந்தவர்தான். ஆனால் வாய்க்கால் பாலத்தைக் கண்டால்கூட நின்றுவிடுவார். குனிந்து அடியில் பார்ப்பார், கட்டையைத் தட்டுவார், எங்களையெல்லாம் அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் வருவார். அம்மாவே தன் தம்பியைக் கேலி செய்வாள். அவர் சண்டை போட்டவர் இல்லை, மலையில் ராணுவத்துக்கு ரோடும் பாலமும் போட்டவர் என்பது வேறு எனக்குப் பெரிய ஏமாற்றம்.

ஊருக்கு வந்தபிறகு மாமாவுக்கு ஒரே வேலைதான். வரவேண்டிய மெடல் வராமல் போன பழைய பட்டாளத்துக்காரர்களைத் தேடிப்பிடித்து, மேலிடத்துக்கு எழுதிப் போட்டு வாங்கிக் கொடுப்பார். மொபெட்டில் கிளம்பினால் எப்போது திரும்புவார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அவர் அதிகம் அலைந்தது நீடாமங்கலம் பக்கத்துப் பெரியம்மா ஒருத்திக்காக. சொந்தம் ஒன்றுமில்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். அவள் புருஷன் மாமாவோடு வேலை பார்த்தவர், பாலம் போடும் இடத்தில் இறந்துபோனார். மண் சுமக்கப் போய்ச் செத்தான் என்று அவள் கொழுந்தனே ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தார். அந்தப் பேச்சு அவளை அறுத்துக்கொண்டே இருந்தது.

"அவரும் பட்டாளத்துக்காரர்தான்னு இந்த ஊரு ஒத்துக்கணும் தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று மாமாவிடம் சொல்லியிருந்தாள்.

ஒருவழியாக மெடல் வந்தது. தை அமாவாசையன்று பெரியம்மா தன் புருஷனுக்குப் போடும் படையலில் அதையும் வைப்பது என்று முடிவாயிற்று. மாமா தன்னோடு வேலை பார்த்த நாலைந்து பேரைத் திரட்டிக்கொண்டு போனார். நானும் தொற்றிக்கொண்டேன். வீட்டுக்கு முன்னால் ஒரு வாய்க்கால், அதன்மேல் தென்னைமரப் பாலம். நான் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டேன். மாமா வழக்கம்போலக் கடைசி.

வாசலில் நுழைந்தால், மெடல் துணிக்கொடியில் பாவாடைக்கும் துண்டுக்கும் நடுவே கிளிப் மாட்டித் தொங்குகிறது! படையலில் வைக்கிற பொருள் சுத்தமாக இருக்க வேண்டுமென்று பெரியம்மா அதையும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். கலர் நாடா நனைந்து சாயம் இறங்கியிருந்தது. கொழுந்தனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரியம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். யாரும் சொல்லாமலே மற்றவர்களும் அவர் பக்கத்தில் வரிசையானார்கள். ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்குத் தொப்பை. ஆனால் அத்தனை கையும் ஒரே நேரத்தில் நெற்றிக்கு ஏறியது. துணிக்கொடிக்கு சல்யூட். அம்மாடி, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இந்த மனுஷரையா பயந்தாங்கொள்ளி என்றேன்! கொழுந்தன் சிரிப்பை விழுங்கி, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

"எப்படிப் போனாருன்னு இன்னைக்காவது சொல்லுங்க தம்பி" என்றாள் பெரியம்மா.

மாமா கையை இறக்கவில்லை. "வெள்ளம் வந்து பாலம் ஆடுச்சுக்கா. அண்ணன் தண்ணில இறங்கி முட்டுக்கட்டையைத் தோள்ல தாங்கிக்கிட்டு எங்களைப் போகச் சொன்னாரு. எல்லாரும் அக்கரை ஏறிட்டோம். நான்தான் கடைசி. திரும்பிப் பாத்தேன், அவரு இல்ல."

பெரியம்மா மெடலை எடுத்து, படையலில் வைத்திருந்த புது வேட்டியின்மேல் வைத்தாள். சூடம் கொளுத்தியது கொழுந்தன்தான். கொளுத்திவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், எழுந்திருக்க நேரமாயிற்று.

திரும்பும்போது மாமா பாலத்தில் ஏறவே இல்லை. வேட்டியோடு வாய்க்காலில் இறங்கி, தென்னைமரத்துக்குத் தோள் கொடுத்து நின்றுகொண்டு எங்களைப் போகச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பாலம் ஆடலையே மாமா, ஏன் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?"

"நீ போம்மா."

அவருடைய கூட்டாளிகள் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். எல்லோரும் கரை சேர்ந்தபிறகும் மாமா தோளை எடுக்கவில்லை. நல்ல வேட்டி நனைந்ததற்கு வீட்டில் அத்தை திட்டுவாளே என்று பயந்துதான் மேலே ஏறாமல் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.