ஒரு மணி பத்து நிமிஷம்

யாங் தே-குன் தென்கொரியாவின் ஜேஜு தீவில் பிறந்து, சியோலில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவன். ஊர் எவ்வளவு தூரம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "நானூத்தம்பது கிலோமீட்டர், பிளேன்ல ஒரு மணி பத்து நிமிஷம்" என்று முந்திக்கொள்வான். அம்மாவிடமும் அதே பாட்டுத்தான். "ஒரு ராத்திரி தங்கிட்டுப் போடா" என்றால், "கூப்பிடு தூரம்மா, எப்ப வேணா வருவேன்" என்பான். வந்து கிழித்தது வருஷத்துக்கு ஒரே நாள். சந்திரக் கணக்கில் எட்டாம் மாதத்து முதல் நாள், தீவுக்காரன் எங்கே இருந்தாலும் வந்து முன்னோர் சமாதியில் புல் வெட்டியாக வேண்டும். பண்டிகைக்கு வராவிட்டாலும் விட்டுவிடுவார்கள், இதற்கு வராதவனைப் பங்காளிகள் ஆளாகவே மதிக்க மாட்டார்கள்.

இந்த வருஷமும் காலை விமானத்தில் இறங்கி, புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டினான். வெயில் ஏறும் முன்பே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

"உள்ள படுத்திருக்கிறவங்களே அவசரப்படலை, உனக்கு என்னப்பா பறக்குது?" என்றார் பெரியப்பா மகன் பியோங்-சு.

சாயங்காலம் கிளம்பப் போனால், அம்மா நல்ல சட்டை போட்டுப் பையோடு வாசலில் நிற்கிறாள்.

"நானும் வரேன். பியோங்-சு உன் பிளேன்லயே எனக்கும் டிக்கெட் போட்டுட்டான். இன்னிக்கு மருமக கையால சாப்பாடு."

மருமகளுக்கு அவன் எங்கே போவான்? மனைவி சு-ரான் விவாகரத்து வாங்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. போனில் சொல்லும் விஷயமா, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். நேரில் வந்தால் அடுத்த தடவை என்று தள்ளினான், கோழைப்பயல். இப்போது அவன் இருப்பது ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் வாடகை அறை. அங்கே அம்மாவை எப்படிக் கூட்டிப் போவது?

காற்று அடித்து விமானம் ரத்தாகட்டும் என்று வேண்டினான். தீவில் காற்றுக்கா பஞ்சம்? இன்றைக்கு ஒரு இலை அசையவில்லை. ஏறி உட்கார்ந்தும் கால் ஒரு நிலையில் இல்லை. தண்ணீர் கேட்டான், குடிக்கவில்லை. இரண்டு முறை "அம்மா" என்றான். அவள் திரும்பியதும், "குளிருதா?" என்று கேட்டு வைத்தான். கீழே சியோல் விளக்குகள் தெரிய ஆரம்பித்தன.

"அம்மா, சு-ரான் வீட்டுல இல்லை. போயிட்டா."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"அவதான். உன்னை விட்டுப் போன அந்த வாரமே பிளேன் ஏறி வந்து, என் பக்கத்துல உக்காந்து, சொல்லி அழுதுட்டுப் போனா. இன்னிக்காவது உன் வாயால வருதான்னு பார்க்கத்தான் உன்கூட ஏறினேன்."

"நான் நேர்ல வந்து..."

"அவளுக்கு ஒரு மணி பத்து நிமிஷம்டா. நான் பெத்த உனக்கு மூணு வருஷம்."