உங்கம்மா மாதிரி ஆயிடுவ

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல.

"தானா பத்திக்கிச்சா, நீயா பத்த வெச்சிக்கினியா?"

அடுப்பில் சாமை கொதித்தது. பாலிஸ்டர் முந்தானை தீயைத் தொட்டது. பயந்து ஓடினேன், ஓட ஓடக் காற்று தீயை வளர்த்தது. அவ்வளவுதான். தீப்பட்டுக் கிடக்கும் பெண்ணே, உன்னையும் கேட்பார்கள். நடந்ததைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்.

எங்கள் ஊர் வெள்ளிமலையில் ஜீப்பில் ஏற்றுமுன் யாரோ என்மேல் பற்பசை பூசியிருந்தார்கள். நர்ஸம்மா திட்டிக்கொண்டே துடைத்தெடுத்தார்.

"தண்ணி ஊத்த ஒருத்தருக்கும் கை வரல. பேஸ்ட் பிதுக்க மட்டும் வருது."

அங்கே எனக்குப் பிடித்திருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான்.

தொடைத் தோலைச் சீவித் தோளில் ஒட்டினார்கள். ஒட்டியது பிடித்தது. பிறகு தழும்பு இறுக்கம் (ஆறும் தோல் சுருங்கி மூட்டை மடக்கிப் பிடிப்பது) வந்தது. தினமும் கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன், சபித்துக்கொண்டே.

வீடு திரும்பியபோது ஐந்து வயது மகன் கதிர் கதவுக்குப் பின்னால் நின்றான். மடிக்கு வரவில்லை.

"இன்னாடா, அம்மாடா."

"நெருப்புல வெளாண்டா உங்கம்மா மாதிரி ஆயிடுவன்னு டீச்சர் சொன்னாங்க."

நான் உயிரோடு வருவதற்குள் என்னைப் பாடமாக்கி முடித்திருந்தார்கள்.

பள்ளிக்குப் போனேன். "பூச்சாண்டி நேராவே வந்திருக்கேன் டீச்சர். காட்டுங்க."

"பசங்க பயந்தாதானேங்க கிட்ட போகமாட்டாங்க?"

"பயந்துதாங்க நான் ஓடினேன்."

பிள்ளைகள் முன் தரையில் படுத்தேன். "துணி பத்திக்கிச்சின்னா ஓடாத. நில்லு. மூஞ்ச பொத்திக்கினு படு. உருளு. அப்புறம் தண்ணிய ஊத்திக்கினே இரு." உருண்டேன். தோள் கிழிவதுபோல் இழுத்தது.

"அக்காக்கு உருளவே தெரில," என்றாள் ஒரு வாண்டு.

வகுப்பே சிரித்தது. பிறகு பலாக்காய்களாக உருண்டது. கடைசியில் கதிரும் உருண்டு வந்து, நெற்றி என் தோளில் மோத, அப்படியே கிடந்தான்.

டீச்சரை நான் மன்னிக்கவில்லை. டாக்டரையும்தான்.

ஒட்டிய தோலில் தொடுகை தெரியாது, பாரம் தெரிகிறது. என் உடம்பில் இப்போது எதுவும் அதனதன் இடத்தில் இல்லை, கடந்துபோன நாட்களும்கூட. கைக்குழந்தையாக அவன் தலை வைத்துத் தூங்கிய தோல்தான் அது. மடியிலிருந்து தோளுக்கு வந்திருக்கிறது.