அரை டாக்டரின் அரிப்பு வைத்தியம்

என் தங்கை புருஷனுக்கு எங்கள் தெரு வைத்த பெயர் அரை டாக்டர். மருந்துக்கடையில் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதற்கு ஒரு வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பேனா. சீட்டில் எழுதியிருக்கும் மருந்து கடையில் இல்லை என்று அவன் வாயால் சொன்னதே கிடையாது. "இது அதேதாங்க, கம்பெனிதான் வேற" என்று கைக்கு எட்டியதைக் கொடுத்து அனுப்புவான். பல வருஷம் இப்படியே ஓட்டியதில், உலகத்தில் எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு என்பது அந்த மண்டையில் ஏறிவிட்டது.

தங்கைக்கு எட்டாம் மாதம். உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கின. தடிப்பு கிடையாது, கொப்புளம் கிடையாது. அடுப்படியில் நின்றபடியே காலைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துக்கொண்டிருப்பாள். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று இவன் சோப்பை மாற்றினான். அப்புறம் ஒரு களிம்பு. அது தீர்ந்ததும் வேறொரு களிம்பு.

பிரசவ டாக்டரம்மா ரத்தத்தில் இரண்டு பரிசோதனை எழுதினார். கல்லீரலுக்கு ஒன்று, பித்த அமிலத்துக்கு ஒன்று. இரண்டாவதை வெளியே அனுப்பித்தான் பார்க்க வேண்டும் என்றார் லேப்காரர். இவனுக்கு அது போதாதா?

"பித்தம் எங்கேர்ந்து வருது? லிவர்லேர்ந்துதானே? ரெண்டும் ஒண்ணுதான். லிவர் மட்டும் பாருங்க."

லிவர் பரிசோதனை முடிவில் கோளாறு எதுவும் இல்லை. பரீட்சையில் தானே தேறிய மாதிரி அந்தக் காகிதத்தை வீடு முழுக்க ஆட்டிக்கொண்டு திரிந்தான்.

லாரிப் பட்டறை வேலை முடிந்து நான் போனபோது தங்கை சீப்பால் காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். பாதமெல்லாம் ரத்தக் கீறல்.

"என்னம்மா கோலம் இது?"

"தாங்கலண்ணா. சொன்னா மனப்பிராந்திங்கிறாரு."

"ஏன் மாப்ளே, ரெண்டாவது டெஸ்டு எங்க?"

"மச்சான், நீங்க லாரிக்குக் கிரீஸ் போடுங்க. வைத்தியம் எனக்குத் தெரியும்."

"கிழிச்சே. எந்திரிம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "பித்த அமிலம் எங்கம்மா? லிவர் டெஸ்டு சரியா இருந்தாலும் அது ஏறியிருக்கலாம். ரொம்ப ஏறிட்டா உள்ள இருக்கிற குழந்தை உயிருக்கே ஆபத்து."

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே வந்திருந்த அரை டாக்டர் மின்விசிறியைப் பார்த்தான்.

இந்தத் தடவை பித்த அமிலம் பார்க்க ரத்தத்தை வெளியே அனுப்பினார்கள். அளவு தாறுமாறாக ஏறியிருப்பதாக முடிவு வந்தது. உடனே சேர்த்துக்கொண்டு மாத்திரை கொடுத்தார்கள். குழந்தையின் இதயத்துடிப்பை அடிக்கடி பார்த்தார்கள். நாள் நிறைவதற்கு முன்பே வலி வரவழைத்தார்கள். பெண் குழந்தை. எடை குறைவு, குரல் மட்டும் வார்டையே எழுப்பியது. சில நாளில் அரிப்பும் போய்விட்டது.

பார்க்க வந்தவர்களிடம் இவன், "நல்லவேளை, நான் ஆரம்பத்துலயே சந்தேகப்பட்டேன்" என்று அளந்துகொண்டிருந்தான். வெட்கம் என்ற ஒன்றை எந்தக் கடையிலும் விற்பதில்லை போலும்.

பக்கத்துக் கட்டில் கர்ப்பிணி அவனை நம்பி உள்ளங்கையை நீட்டினாள். "எனக்கும் ரெண்டு நாளா அரிக்குதுங்க. என்ன தடவலாம்?"

அவன் வாயைத் திறப்பதற்குள் தங்கை நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். "சிஸ்டர், இந்தக்காவுக்குக் கை அரிக்குதாம். டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க." பிறகு புருஷனைப் பார்த்து, "நீங்க வெளிய போய் நில்லுங்க" என்றாள்.

போய் நின்றான்.