முதுகில் ஜிப் வைத்த அட்டை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு அட்டையைப் பார்த்து நான் அலற வேண்டியிருந்தது. அலறல் வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

பொறுங்கள், முதலில் இருந்து சொல்கிறேன். இந்த மழையில் என் முழங்கால் படுத்தும் பாடு உங்களுக்குத் தெரியும். வாராவாரம் இந்தப் பத்தியில் புலம்புகிறேனே! ஞாயிறு என்றால் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பதுதான் என் ஒரே திட்டம். அன்றைக்கு விடிந்ததும் வாசலில் ஜீப் ஹாரன். என் கொழுந்தன் சேகர்.

"மதினி, கிளம்புங்க. சின்னக்கானல்ல ஷூட்டிங். கூட்டத்துல நின்னு கத்துறதுக்கு ஆள் பத்தலயாம்."

"எனக்கு ஓட முடியாதே சேகரு..."

"ஓட வேண்டாம். நீங்க சும்மா நின்னு பயந்தாப் போதும்."

சும்மா நின்று பயப்படுவதா? தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். அதில் எனக்கு அனுபவம் இல்லாமலா?

சேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூணாறில் ஜீப் ஓட்டுகிறான். டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு வியூ பாயிண்ட் போவான், பனி மஞ்சு மூடிக்கிடக்கும், எதுவும் தெரியாது, திரும்பிவிடுவான். அது பிழைப்பு. மற்றபடி அவன் ஒரு அட்டை.

ஆமாம், அட்டைதான். ரத்தம் குடிக்கிற அட்டை. 'ராட்சச அட்டை' என்று ஒரு படம். நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்திருந்தாலும் வெளியில் சொல்லியிருக்க மாட்டீர்கள். டைரக்டர் கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்து ஆள். கல்யாண வீடியோ எடுப்பது அவருக்குத் தொழில், பூதம் எடுப்பது ஆசை. முதல் பாகத்தில் ஒரு விஞ்ஞானியின் மருந்து ஓடையில் சிந்துகிறது. அட்டை ஆள் உயரத்துக்கு வளர்கிறது. கடைசியில் ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையருக்குள் விழுந்து சாம்பலாகிறது. இரண்டாம் பாகத்தில் அந்தச் சாம்பலை யாரோ தேயிலைச் செடிக்கு உரமாகப் போட்டுவிடுகிறார்கள். (யார்? ஏன்? கேட்கக் கூடாது.) அட்டை மறுபடி முளைக்கிறது. ஜீப் ஏறிச் சாகிறது. அந்த ஜீப் சேகருடையது. அடியில் கிடந்தவனும் சேகர்தான்.

உடுப்பு ரெக்ஸினில் தைத்தது. உள்ளே பழைய ஜீப் சீட்டு ஸ்பாஞ்ச். மேலே வழவழப்புக்குப் பாத்திரம் கழுவுகிற ஜெல். முதுகில் நீளமாக ஒரு ஜிப் — அது குளோசப்பிலும் தெரியும், லாங் ஷாட்டிலும் தெரியும்.

இந்த மாதிரிப் படங்கள் எனக்குப் பிடிக்கும். சொல்லிவிட்டேன், சிரித்துக்கொள்ளுங்கள்! நல்ல படங்கள் என்னைக் களைப்பாக்கிவிடுகின்றன. அழ வேண்டும், யோசிக்க வேண்டும், முடிந்ததும் இரண்டு நிமிடம் சும்மா உட்கார வேண்டும். யாருக்கு அதற்குத் தெம்பு? ஜிப் வைத்த பூதம் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. பாதியில் எழுந்து அடுப்பில் உலையைப் பார்த்துவிட்டு வந்தாலும் கோபித்துக்கொள்வதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. முதல் பாகத்தை எஸ்டேட் கிளப்பில் திரை கட்டிப் போட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் போனோம். தன் தம்பி டிரையருக்குள் விழுந்ததைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் பாகம் வந்தபோது அவர் இல்லை. நான் தனியாகப் பார்த்தேன். சாம்பலில் இருந்து அந்த அட்டை நெளிந்து எழுந்தது பாருங்கள்... மொத்தக் கூட்டமும் கெக்கலித்தது. எனக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எவ்வளவு கேவலமான காரணம் சொல்லியாவது ஒருத்தரைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறார்களே என்று பொறாமையாக இருந்தது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மூன்றாம் பாகத்துக்குத்தான் அந்த ஷூட்டிங்.

ஜீப்பில் ஏறியதும் பேச்சை ஆரம்பித்தேன். "இந்தத் தடவை எப்படிச் சாகப்போற?" என்று சேகரிடம் கேட்டேன்.

"நான் இல்ல மதினி. கம்ப்யூட்டர்ல செய்யுதாகளாம். பச்சைத் துணி கட்டின கம்ப முன்னால நட்டுருவாக. எல்லாரும் அதப் பாத்துப் பயப்படணும். பெறகு அதுமேல அட்டைய ஒட்டிருவாகளாம்."

"அப்போ நீ?"

"ஆள் ஏத்தி எறக்க ஜீப்பு வேணும்லா. அதுக்குத்தான் கூப்பிட்டாக." ஒரு வளைவில் ஜீப்பை ஒடித்துத் திருப்பினான். "ஜீப்பு ஓட்டும்போது எவனும் என் மூஞ்சியப் பாக்க மாட்டான் மதினி. அட்டைன்னா பச்சப்புள்ள கூட நின்னு பாக்கும். ரெண்டு படத்துல செத்துருக்கேன். மூணாவதுலயும் சாக விடலாம்லா?"

ஐம்பது வயது ஆளுக்கு இப்படியும் ஒரு ஏக்கமா என்று கேட்காதீர்கள். எனக்குப் பாவமாக இருந்தது.

சின்னக்கானலில் தேயிலைச் சரிவில் கொழுந்து எடுக்கிற பெண்கள் இருபது பேர் நின்றிருந்தார்கள். லீவு நாள்தான், ஆனால் வேலைக்குப் போகிற அதே கோலம் — தலையில் துண்டு, இடுப்பில் சாக்குப் படுதா, அதில் செருகிய சின்னக் கிழி. உப்பும் புகையிலைத் தூளும் கட்டிய துணி முடிச்சு. மழைக்காலத்தில் அது இல்லாமல் யார் காட்டுக்குள் இறங்குவார்கள்? என்னிடமும் ஒன்றைக் கொடுத்தார்கள்.

டைரக்டர் கை கூப்பினார். "அக்கா, நல்லாப் பயப்படோணுங்க. அட்டை விண்வெளியில இருந்து வருதுங்க."

"ஜீப் ஏறிச் செத்தது விண்வெளிக்கு எப்படிப் போச்சு தம்பி?"

"அது சயின்ஸுங்கக்கா."

பச்சைக் கம்பை நட்டார்கள். ஆக்‌ஷன் என்றார்கள். எல்லோரும் கம்பைப் பார்த்தோம். கம்பும் எங்களைப் பார்த்தது. மாரியம்மா என்கிற மூத்த பெண்மணி மெதுவாகக் கேட்டார்: "ஏன் தம்பி, இதென்ன யானை வெரட்டுற கம்பா?"

அவ்வளவுதான். ஒருத்தி சிரித்தாள், எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி எடுத்தார்கள், மறுபடி சிரிப்பு. காட்டு யானையோடு புழங்குகிறவர்கள் பச்சைத் துணிக்கு எப்படி அலறுவார்கள்? எனக்குக் கொட்டாவி வந்தது அப்போதுதான். எஸ்டேட்டில் அந்த ஒரு நாளுக்குத்தான் பெர்மிஷன். மத்தியானம் தாண்டியதும் மஞ்சு இறங்க ஆரம்பித்தது. டைரக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

கடைசியில் ஜீப் பக்கம் திரும்பினார். "அண்ணா... அந்தப் பழைய டிரெஸ்ஸு எங்கீங்க இருக்குது?"

பின் சீட்டுக்கு அடியில் இருந்தது. துவைத்து, மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு. எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருக்கிறான் மனுஷன்! ஜிப்பை நான்தான் இழுத்து விட்டேன்.

ஆக்‌ஷன்!

செடிகளுக்கு நடுவில் இருந்து அட்டை நெளிந்து வந்தது. ஜெல் மினுமினுத்தது. வாயைப் பிளந்து ஒரு உறுமல். நானே ஒரு அடி பின்னால் வைத்தேன்.

"ஓடுங்கக்கா! கத்துங்க!" என்றார் டைரக்டர்.

யாரும் ஓடவில்லை. மாரியம்மா குனிந்தார். ஒரு சுள்ளியை எடுத்தார், இடுப்புக் கிழியை அதன் நுனியில் கட்டினார், நேராகப் போய் அட்டையின் தலையில் ஒற்றினார். கூட்டத்துக்கு அது போதும். இருபது பேரும் பாய்ந்தார்கள். எஸ்டேட்டில் அட்டையைக் கண்டு ஓடினவர் உண்டா? உப்பு வைப்போம், சுருண்டு விழும். கை அதுவாகப் போகிறது. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? என் கையும் போயிற்று என்பதை இங்கே பதிவு செய்கிறேன். முழங்கால் வலி அப்போது எங்கே போனதோ!

உப்பும் புகையிலையும் வாய் ஓட்டை வழியாக உள்ளே இறங்கிவிட்டது. கண்ணில் பட்டதோ மூக்கில் ஏறியதோ, சேகர் துடித்தான் பாருங்கள்... அப்படி ஒரு நடிப்பை இரண்டு பாகத்திலும் அவன் கொடுத்ததில்லை. உருண்டான், தும்மினான், வளைந்தான், மல்லாந்தான். அடங்கினான்.

டைரக்டர் "கட்" சொல்ல வாயைத் திறந்து அப்படியே நின்றார். "எடுங்க, எடுங்க! இதுதானுங்க கிளைமாக்ஸ்!" என்றார் கேமராக்காரரிடம், ரகசியக் குரலில்.

பெண்கள் அட்டையைச் சுற்றி நின்றார்கள். மஞ்சு மேலே மூடியது. அவன் ஆசைப்பட்டபடி, மூன்றாவது முறையும் செத்துவிட்டான். அவன் அண்ணன் கடைசியில் கிடந்த மாதிரியே கால் நீட்டிக் கிடந்தான். சினிமாதான் என்று தெரியும். இருந்தும் அவனை எழுப்ப ஒரு அடி முன்னால் வைத்தேன்.

அப்போது வால் லேசாக ஆடியது.

"அண்ணா, செத்துட்டீங்க. ஆட்டாதீங்கண்ணா" என்றார் டைரக்டர்.

உள்ளே இருந்து தும்மலோடு பதில் வந்தது. "நாலாவது பாகம் வேண்டாமா தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் உப்புக் கிழியை இறுக்கிக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்... வேண்டும்தானே!